மின்கம்பியை அழிக்கச் சொல்லும் முன்: சக புகைப்படக்காரரின் படத்தை விமர்சிப்பது எப்படி?

தான் எடுத்த படத்தை ஒருவர் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்ல வேண்டும்? புகைப்படச் சங்கங்கள் தோன்றிய நாள் முதலே இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பதில்கள் இருந்து வருகின்றன. லண்டனில் புகைப்படச் சங்கம் 1853இல் தொடங்கியது, பம்பாயில் 1854இல். சென்னையிலும் அதே பத்தாண்டில் சங்கம் கூடிவிட்டது. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் ஒன்றுகூடிய இடத்திலெல்லாம் அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேசுவதும் கூடவே வந்தது. அந்தப் பேச்சு எதற்காக, யாருக்காக என்பதில் மட்டும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. விடுமுறை நாளின் விடியலில் கேமராவோடு பெரிய கோயிலுக்கும் கல்லணைக்கும் வடுவூர் ஏரிக்கும் கிளம்பும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் பலர். படம் இவர்களுக்குப் பிழைப்பில்லை. ஆசிரியரோ, பத்திரிகைப் பட ஆசிரியரோ, வாடிக்கையாளரோ இவர்கள் படத்தைத் திருத்தித் தருவதில்லை. கிடைக்கிற விமர்சனம் எல்லாம் சக அமெச்சூர்களிடமிருந்து வருவதுதான். அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது: ‘சூப்பர் சார்’ என்ற பாராட்டு, அல்லது ‘ஹைலைட் போயிடுச்சு, பேக்கிரவுண்ட் டிஸ்டர்ப் ஆகுது’ என்ற குறை. இரண்டுக்கும் நடுவே பெரிய வெளி ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்ப முன்வைக்கப்பட்ட பதில்களை வரிசையாகப் பார்த்தால், நெல் விளையும் இந்தச் சமவெளிக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பது ஓரளவு தெளிவாகும்.

ஓவியரிடம் கடன் வாங்கிய சட்டங்கள்

மிகப் பழைய பதில், நல்ல படத்துக்கு இலக்கணம் உண்டு, அதை வைத்து அளந்து சொல் என்பது. இன்றும் எல்லாக் குழுவிலும் முதலில் எழும் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி கேமராவைவிட வயதானது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797இல், கிராமியக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டுவது பற்றி எழுதிய நூலில் அதற்குப் பெயரிட்டார். 1869இல் ஹென்றி பீச் ராபின்சன் படச் சட்டக அமைப்பு பற்றி எழுதிய புத்தகம் ஓவிய விதிகளைப் புகைப்படக்காரர்களின் பாடநூலாக்கியது. விதிக்கு ஏற்பப் படத்தைக் கட்டியெழுப்புவதில் அவருக்குத் தயக்கம் கிடையாது. சாகும் தறுவாயிலுள்ள பெண்ணைக் காட்டும் அவருடைய 1858ஆம் ஆண்டுப் படம் ஐந்து நெகட்டிவ்களை இணைத்துச் செய்தது.

அதே 1858இல் தஞ்சாவூரில் இன்னொரு கேமரா நின்றது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் பெரிய கோயிலைக் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் சோழர் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, வரிசையாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளப் பட்டையாக்கினார். ஆவணப்படுத்தலில் இத்தனை பிடிவாதம் காட்டிய அவரே வேறு பல நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் சேர்த்தவர். அன்றைய ரசாயனம் நீல நிறத்தை மிதமிஞ்சி உணர்ந்ததால் வானம் வெள்ளைத் தாளாகவே விழும், வெற்று வானம் அழகில்லை என்பது அன்றைய ரசனை. கல்வெட்டுப் பட்டையில் இன்றும் எழுத்துகளைத் தேடிப் படிக்கலாம். தீட்டிய மேகத்தில் 1858ஆம் ஆண்டுத் தஞ்சையின் வானிலையைத் தேட முடியாது. இலக்கணப்படி திருத்திய படம் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதற்கு டெல்டாவிலேயே கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுதான் எனலாம்.

ராபின்சனை எதிர்த்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலங்களில் நாணல் அறுப்பவர்களையும் படகோட்டிகளையும் படமெடுத்தவர். கண்ணுக்குத் தெரிவதற்கு உண்மையாக இரு, ஒட்டு வேலை வேண்டாம் என்று 1889இல் எழுதினார். மறு ஆண்டே, புகைப்படத்தைக் கலை என்று தான் சொன்னது தவறு என்று கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீட்டில் அறிவித்துவிட்டார். அவர் விலகினாலும் அவர் தொடங்கிய பிளவு விலகவில்லை. ‘அழகாக இருக்கிறதா?’, ‘உண்மையாக இருக்கிறதா?’ என்ற இரண்டு அளவுகோல்கள் இன்றைய குழுக்களிலும் அருகருகே கிடக்கின்றன. எதைக் கையில் எடுத்துப் பேசுகிறோம் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இலக்கண வழியின் இன்றைய வடிவம் சலோன் போட்டி. சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப் 1950இல் உருவானது, இந்தியக் கூட்டமைப்பு 1953இல். நடுவர்கள் ஒவ்வொரு படத்தையும் சில நொடிகள் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். சேர்ந்த வெற்றிகள் பெயருக்குப் பின்னால் பட்ட எழுத்துகளாகின்றன. இந்த முறைக்கு உள்ள ஒரு நன்மையை அதன் எதிரிகள் மறந்துவிடுகிறார்கள். நடுவருக்குப் படம் எடுத்தவர் பெயர் தெரியாது. அவர் யார் மகன், என்ன வேலை, எந்தத் தெரு, லென்ஸ் என்ன விலை என்பது எதுவும் திரையில் வராது. வயதும் பதவியும் சாதியும் பேச்சின் தொனியைத் தீர்மானிக்கும் ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. குறை என்னவென்றால், மதிப்பெண் காரணம் சொல்வதில்லை. காரணம் தெரியாதவர் வென்ற படத்தைப் பார்த்து அதேபோல் எடுக்கிறார். ஒரே கோணத்தில், ஒரே தங்க ஒளியில், ஒரே மூங்கில் கூடையோடு முதியவர்கள் சுவர்களில் வரிசை கட்டுவது இதனால்தான்.

இலக்கிய உலகில் நடந்த வாதம்

புகைப்படக்காரர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத ஒரு களஞ்சியம் தமிழிலேயே இருக்கிறது. ‘இறையனார் களவியல்’ என்ற இலக்கண நூலுக்குப் புலவர்கள் சொன்ன உரைகளில் எது மெய்யுரை என்று தீர்க்க, பேசாத சிறுவனான உருத்திரசன்மனை அமர்த்தினார்கள் என்பது மரபுக் கதை. அவன் கண்ணீரும் மெய்ம்மயிர் சிலிர்ப்புமே தீர்ப்பு. மறுபுறம், தருமிக்காக இறைவனே எழுதித் தந்த பாட்டில் குற்றம் கண்டு, காரணத்தோடு வாதாடிய நக்கீரரின் கதை. சொல்லில்லாத ரசனை, சமரசமில்லாத குற்றங்காணல் என்ற இரு துருவங்களும் நம் மரபில் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன.

நவீன இலக்கியத்தில் இந்த வாதம் மேலும் கூர்மைப்பட்டது. 1912இல் பிறந்த இருவர் அதன் இரு முனைகள். தஞ்சை மண்ணின் வலங்கைமானில் பிறந்த க.நா.சுப்ரமண்யம், தேர்ந்த வாசகனின் ரசனையே இறுதி அளவு என்றார். நல்லவற்றைப் பட்டியலிட்டார். சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையில், ஒரு படைப்பு எப்படி இயங்குகிறது என்று வரிக்கு வரி காட்டும் அலசல் விமர்சனத்தை வளர்த்தார். இலங்கையிலிருந்து க.கைலாசபதி போன்றோர் மூன்றாவது கேள்வியைக் கொண்டுவந்தார்கள்: இந்தப் படைப்பு எந்தச் சமூகத்தில், யாருடைய நிலையிலிருந்து எழுகிறது?

அமெச்சூர் புகைப்படக்காரர்களின் பேச்சைக் கேட்டால் அதில் க.நா.சு.வின் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அவருடைய வாசிப்பு இல்லை. செல்லப்பாவின் தொழில்நுட்ப அக்கறை இருக்கிறது, ஆனால் அவருடைய பொறுமை இல்லை. கைலாசபதியின் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. ரசனை விமர்சனத்தின் பலவீனம், அதைச் சொல்பவர் நிறையப் பார்த்தவராக இருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு என்பது. பத்தே படம் பார்த்தவரின் ‘பிடிக்கவில்லை’யிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அலசல் விமர்சனத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. கண் இருந்தால் தொடங்கலாம். புதியவர்கள் ஒருவருக்கொருவர் விமர்சனம் செய்துகொள்ளும் இடத்தில் அது பொருந்துவதற்கு இதுவே காரணம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

விமர்சனம் உண்மையில் திறமையை வளர்க்கிறதா என்பதை உளவியலாளர்களும் கல்வியாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவ்ராஹம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996இல், அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது பயன் தந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் செயல்திறன் முன்பைவிடக் குறைந்தது. கவனம் செய்த வேலையிலிருந்து விலகி, செய்த ஆளின் பக்கம் நகர நகரப் பயன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இது பாராட்டுக்கும் பொருந்தும். ‘உங்களுக்குக் கண் இருக்கு சார்’ என்பது ஆளைப் பற்றிய பேச்சு. ‘இடது ஓரத்து வரப்பு கண்ணை நேராக அந்தப் பெண்ணிடம் கொண்டுபோகிறது’ என்பது வேலையைப் பற்றிய பேச்சு.

ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய சோதனை சலோன் முறைக்கு நேரடியான சவால். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவதற்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் நிலைத்தது. மதிப்பெண் சேர்ந்ததும் குறிப்புரையின் பயன் பெரிதும் கரைந்துவிட்டது. ராய்ஸ் சாட்லர் 1989இல் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். தரம் என்பது எப்படி இருக்கும் என்று கற்பவருக்கே புரிந்தாலொழிய யார் திருத்தியும் பயனில்லை. அந்தப் புரிதல், தன்னைப் போன்றவர்களின் வேலையை மதிப்பிட்டுப் பழகும்போது உருவாகிறது. 2009இல் லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் இருவரும் இரண்டாம் மொழியில் எழுதப் பயிலும் மாணவர்களை ஆராய்ந்தபோது, சக மாணவர் கட்டுரைக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பயின்றவர்கள், கருத்தைப் பெற மட்டும் பயின்றவர்களைவிடத் தங்கள் எழுத்தில் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகளையும் மொழி மாணவர்களையும் வைத்துக் கண்ட முடிவை, சம்பளமும் தேர்வும் இல்லாமல் விருப்பத்துக்காகப் படமெடுக்கும் பெரியவர்கள் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆயினும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. இங்கேதான் பழைய கேள்வியே இடம் மாறுகிறது. சக அமெச்சூரின் விமர்சனத்தால் அதிகம் பயன்பெறுபவர் அதைச் சொல்பவராகவே இருக்கக்கூடும். அப்படியானால் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை தீர்ப்பு வழங்குவது இல்லை. சட்டகத்துக்குள் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எது எதோடு சேர்கிறது என்பதைப் பொறுமையாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது.

ஒரு நடவுப் படம்

டெல்டாவில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பரம்படித்த சேற்று வயல். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். அங்கங்கே வீசிப்போட்ட நாற்று முடிச்சுகள். மேலே சட்டகத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு மின்கம்பி போகிறது. வழக்கமாக வரும் கருத்துகள் இரண்டு. ஒன்று, கம்பி இடைஞ்சல், அழித்துவிடுங்கள். இன்னொன்று, அவர்கள் முகம் பார்க்கும் பக்கம் இடம் விட்டு க்ராப் செய்யுங்கள்.

இரண்டும் புத்தகப்படி சரி. இரண்டும் வயலை அறியாதவை. நட்ட பயிரை மிதிக்கக் கூடாது என்பதால் நடுபவர்கள் பின்னோக்கி நகர்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு முன்னால் இருப்பது முடிந்த வேலை. செய்யவேண்டிய வேலை முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் சேறு. ஓடும் குதிரைக்கு முன்னால் இடம் விடச் சொல்லும் விதியை இங்கே அப்படியே போட்டால், இந்த உழைப்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே வெட்டுப்படும்.

கம்பியின் கதை இன்னும் ஆழமானது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் டெல்டாவில் ஒரு வயல் நடவுக்குத் தயாராக இருந்தது என்றால், பெரும்பாலும் அது பம்புசெட் நீரால் குறுவை வைத்த வயல். ஆறு வறண்டு கிடக்க, வயல் மின்னுவதற்குக் காரணமே அந்தக் கம்பிதான். அதை அழித்தால் எஞ்சுவது எந்த ஆண்டு, எந்த மாதம், யாருக்குத் தண்ணீர் இருந்தது, யாருக்கு இல்லை என்று சொல்லாத ஒரு நாட்காட்டிப் படம். டிரைப்பின் நெகட்டிவில் மேகத்தைச் சேர்த்த அதே கைதான் இங்கே கம்பியை நீக்குகிறது. ‘படத்தின் மேல்பகுதியில் ஒரு மின்கம்பி போகிறது, அது எங்கே போகிறது?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், எடுத்தவர் அடுத்த முறை மோட்டார் கொட்டகையையும் சேர்த்தே சட்டகத்தை அமைத்திருப்பார். வெறும் வருணனையும் ஒரு கேள்வியும் செய்யக்கூடிய வேலை இது.

கைலாசபதி வழியின் கேள்வியும் இந்தப் படத்தில் தவிர்க்க முடியாதது. குனிந்த முதுகுகளின் வரிசையை ‘அழகான பேட்டர்ன்’ என்று பாராட்டுவது எளிது. டெல்டாவில் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் விவசாயத் தொழிலாளர்கள். கூலிப் போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது, அன்றைய தஞ்சை மாவட்டத்தில். ஒவ்வொரு நடவுப் படமும் அந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும் என்பது வாதமில்லை. ஆனால் நட்டவர்களை நிறங்களாக மட்டுமே பேசும் விமர்சனம், படத்தில் இருப்பதில் மிக முக்கியமானதைப் பார்க்கத் தவறுகிறது. அதைப் பார்வைக் குறைபாடு என்றே சொல்ல வேண்டும்.

டிராக்டர் பின்னால் போகும் கொக்கு

பறவைப் படங்களில் இந்தச் சிக்கல் எழுத்திலுள்ள விதியோடு மோதுகிறது. ஃபியாப்பும் அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்களும் 2015 முதல் ஏற்ற பொது வரையறைப்படி, இயற்கைப் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. மனிதத் தடயமும் பொதுவாகக் கூடாது, மனிதன் மாற்றிய சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிர்களின் கதையில் அது பிரிக்க முடியாத பகுதியாக வந்தாலொழிய. இந்த விலக்குக்கு உதாரணமாகச் சொல்லப்படும் பறவைகளில் கூகையும் ஒன்று. எலியைப் பிடிக்கக் கூகை வந்து அமரட்டும் என்று வயலில் கம்பு நட்டுவைக்கும் விவசாயிகள் உள்ள ஊரில் அது விலக்காக இல்லை, அன்றாடமாக இருக்கிறது. வடுவூர் ஏரியே பாசனத்துக்கு வெட்டியது. உழும் டிராக்டரின் பின்னால் கொக்குகள் இறங்குவது டெல்டாவின் முழுமையான இயற்கைக் காட்சி. இருந்தும் ‘டிராக்டர் இல்லாமல் எடுத்திருக்கலாம்’ என்ற கருத்து ஓயாமல் வருகிறது. விதி இடம் தருகிறது, விமர்சகர்தான் இடம் தர மறுக்கிறார்.

எதிர்வாதங்கள்

வருணனையை முன்வைக்கும் இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இது நழுவல் என்பது. தெரிவதைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பைத் தவிர்ப்பது, மனம் கோணாமல் இருக்க நாம் ஏற்கெனவே செய்துவரும் ‘சூப்பர் சார்’ பண்பாட்டுக்கு இன்னொரு முகமூடி, நக்கீரர் மரபுக்கே துரோகம் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஃபோகஸ் தவறிய படத்தைத் தவறியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் நக்கீரரும் பாட்டு சொல்வது என்ன என்பதை முதலில் எடுத்துவைத்துத்தான் குற்றம் சொன்னார். வருணனை தீர்ப்புக்கு மாற்று இல்லை, அதற்கு முன்நிபந்தனை. தவறாக வருணித்தவரின் தீர்ப்பை எல்லோர் முன்னாலும் திருத்த முடியும், வருணிக்காதவரின் தீர்ப்பைத் தொடவே முடியாது.

இரண்டாவது மறுப்பு, ஊரறிவைச் சேர்த்தால் படம் பின்னால் போய்விடும், வெளியூர்க்காரருக்கு மின்கம்பியின் கதை எப்படித் தெரியும், படம் தன் காலில் நிற்க வேண்டாமா என்பது. இது கடினமான மறுப்பு. முழுப் பதில் என்னிடம் இல்லை. ஊரறிவு படத்துக்கு வெளியே வக்காலத்தாக நின்றால் மறுப்பு சரிதான். அது அடுத்த படத்தின் சட்டகத்துக்குள் வந்து சேர்ந்தால், வெளியூர்க்காரரும் பார்க்கும் ஒன்றாகிவிடுகிறது. உள்ளூர் விமர்சகரால் மட்டுமே அந்த மாற்றத்தைத் தூண்ட முடியும்.

மூன்றாவது, பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை என்பது. பாராட்டு போதும் என்று நினைப்பவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. அவர் கேட்கவில்லை என்றால் சொல்லாமல் விடுவதே மரியாதை.

தீராதவை

இப்போதைய சான்றுகளை வைத்துப் பார்த்தால், மதிப்பெண்ணையும் குறிப்புரையையும் ஒரே கூட்டத்தில் கலக்காமல் இருப்பது நல்லது என்றும், பெயர் மறைத்துப் படம் காட்டும் சலோன் வழக்கத்தைக் குறிப்புரைக் கூட்டங்களுக்கும் கொண்டுவரலாம் என்றும் ஓரளவு உறுதியோடு சொல்லலாம். ‘சார்’ எடுத்த படம் என்று தெரியாதபோது மாணவர் வாய் திறப்பார். பெண் உறுப்பினரின் படத்துக்கும் வெறும் ‘சூப்பர் மேடம்’ இல்லாமல் முழுமையான கருத்து கிடைக்க வாய்ப்புண்டு. கைபேசியே ஒரு தொடுதலில் கம்பியை அழித்துத் தரும் காலத்தில், போட்டிக்குப் போகாத படத்துக்கு எந்த விதி பொருந்தும் என்பதில் இன்னும் தெளிவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. ராபின்சனும் எமர்சனும் படம் எடுத்தவர், பார்ப்பவர் என்ற இருவரை மட்டுமே மனத்தில் வைத்து வாதிட்டார்கள். க.நா.சு.வுக்கும் செல்லப்பாவுக்கும் எழுத்தாளரும் வாசகரும் போதுமானவர்களாக இருந்தார்கள். நடவுப் படத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: நாற்று நடுபவர். நாற்று எத்தனை நாள் வயது, இடைவெளி சரியா, வரிசை எங்கே கோணியது என்று அந்தப் படத்தை வேறு யாரையும்விட நுணுக்கமாகப் படிக்கக்கூடியவர் அவர். பியர் பூர்தியூ 1965இல் பிரான்ஸில் செய்த ஆய்வு, உழைக்கும் மக்கள் படத்தை அதன் பயனையும் அதிலுள்ள பொருளையும் வைத்து மதிப்பிடுவதையும், கேமரா கிளப்புகள் அந்தப் பார்வையிலிருந்து விலகி நிற்பதன் மூலமே தங்களை அடையாளப்படுத்திக்கொள்வதையும் காட்டியது. அந்தப் பார்வையையும் விமர்சனமாக ஏற்றுக் கூட்டத்துக்குள் அழைப்பதா, அழைத்தால் யார் வீட்டில், எந்த மொழியில், படத்தைத் தாளில் அச்சிட்டா திரையில் காட்டியா, தன்னைப் படமெடுத்ததே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அந்தப் படத்தை என்ன செய்வது என்பவற்றுக்கு எந்தச் சங்கமும் இன்னும் ஒரு நடைமுறையை வகுத்ததாகத் தெரியவில்லை.